திரை கறுத்தால் கடைக்கு ஓடாதே, தம்பி

அப்டேட் முடிந்தது. லப்டொப்பை ரீஸ்டார்ட் பண்ணினாய். கம்பனி லோகோ வந்தது, அதற்குப் பிறகு திரை முழுக்கக் கறுப்பு. இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டு நிற்கிறது. இந்த நேரத்தில் எனக்குப் போன் எடுக்கிற பிள்ளைகள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "அக்கா, எல்லாம் போச்சா?"

ஒன்றும் போகவில்லை. உன் அசைன்மென்ட், அப்பாவின் பழைய படங்கள், ஸ்கேன் பண்ணி வைத்த காணி உறுதி எல்லாம் டிஸ்க்கில் வைத்தது வைத்தபடி இருக்கின்றன. பழுதானது படத்தைத் திரைக்கு அனுப்புகிற கிராஃபிக்ஸ் ட்ரைவர் மட்டும்தான். அதற்குக் கீழே லினக்ஸ் சுகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கப்ஸ் லொக் விசையைத் தட்டிப் பார். லைட் எரிந்து அணைந்தால் மெஷின் முழித்திருக்கிறது.

கடைக்கு ஓடாதே என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஊர்காவற்றுறைப் பிள்ளை என்றால் பஸ் ஏறிப் பண்ணைப் பாலம் தாண்டி டவுனுக்குப் போய்விடலாம். நெடுந்தீவுப் பிள்ளை குறிகட்டுவான் துறைக்கு வரவே ஒரு மணித்தியாலம் கடலில் இருக்க வேண்டும். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, அல்லைப்பிட்டி என்று பஸ். காற்றுக் காலத்தில் படகு ஓடுமா என்பதே நிச்சயமில்லை. இவ்வளவும் பட்டுப் போனால், லினக்ஸ் தெரியாத கடைக்காரர் "ஃபோமட் அடிச்சுத் தாறன்" என்பார். அதுவரை பத்திரமாக இருந்த கோப்புகள் அங்கேதான் அழியும். வீட்டில் இருந்தபடியே கீபோட்டால் சரிசெய்யக்கூடிய விஷயம் இது.

கட்டளைகளைப் போனில் சொல்லித் தருவது போலவே கீழே சொல்கிறேன். எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும். "இடைவெளி" என்றால் ஸ்பேஸ், "கோடு" என்றால் ஹைஃபன், "இரட்டைக் கோடு" என்றால் இரண்டு ஹைஃபன் ஒட்டினாற்போல. உபுண்டு, லினக்ஸ் மின்ட் இரண்டுக்கும் பெரும்பாலும் இவை பொருந்தும்.

முதலில் உள்ளே போ

கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 மூன்றையும் சேர்த்து அமத்து. சில லப்டொப்பில் எஃப்என் விசையையும் சேர்க்க வேண்டும். எழுத்து மட்டும் உள்ள கறுப்புத் திரை வந்து பெயர் கேட்கும். பெயரை அடி, பிறகு பாஸ்வேர்டை அடி. பாஸ்வேர்ட் அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. கீபோட் வேலை செய்யவில்லை என்று பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். தெரியாமல் இருப்பதுதான் சரி. அடித்து என்டர் தட்டு.

உள்ளே போனதும் டிஎஃப், இடைவெளி, கோடு, எச் என்று அடி. இடம் எவ்வளவு மிச்சம் என்று ஒரு பட்டியல் வரும். பூட் என்ற வரியோ, வெறும் சாய்கோடு போட்ட வரியோ நூறு வீதம் என்று காட்டினால் ட்ரைவரைக் குற்றம் சொல்லாதே. இடம் இல்லாததால் அப்டேட் பாதியில் நின்றிருக்கிறது. பாஸ்வேர்ட் கொடுத்ததும் உள்ளே போகாமல் திரும்பத் திரும்ப லொகின் பக்கத்துக்கே தள்ளுவதும் சில வேளை இதனால்தான். தேவையில்லாத படங்களைப் பென் ட்ரைவுக்கு மாற்றிவிட்டுத் தொடங்கு.

என்ன நடந்தது என்ற பதிவையும் ஒருக்கா வாசி. லெஸ், இடைவெளி, சாய்கோடு, வார், சாய்கோடு, லொக், சாய்கோடு, ஏபிடி, சாய்கோடு, ஹிஸ்டரி, புள்ளி, லொக். பெரிய ஜி அடித்தால் கடைசிப் பக்கத்துக்குப் போகும், கியூ அடித்தால் வெளியே வரும். எந்தத் திகதியில், எந்தப் பொதி, எந்த இலக்கத்திலிருந்து எந்த இலக்கத்துக்கு மாறியது என்று அதில் இருக்கும். இதைப் போனில் படம் எடுத்து வை. பிறகு யாரிடம் உதவி கேட்டாலும் அவர் முதலில் கேட்பது இதைத்தான்.

கறண்ட் போன இடத்திலிருந்து தொடங்கு

தீவுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியை நான் மிக நிதானமாகச் சொல்ல வேண்டும். வேலணையும் புங்குடுதீவும் யாழ்ப்பாணத்துக் கம்பியில் தொங்குகின்றன. நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் அப்படி இல்லை. நாட்டின் மின்வலையமைப்போடு இணையாமல் டீசல் ஜெனரேற்றரை நம்பி இருந்த தீவுகள் அவை. இந்த மூன்று தீவுகளுக்குமாக இந்திய உதவியோடு 2024 மார்ச்சில் ஒப்பந்தமான திட்டத்தில் 1,700 கிலோவாட் சூரியசக்தி, 530 கிலோவாட் காற்றாலை, 2,400 கிலோவாட் மணி பற்றரி, அவற்றுக்குத் துணையாக 2,500 கிலோவாட் டீசல் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். வெயிலும் காற்றும் அள்ளிக் கிடக்கிற ஊருக்கு அதுதான் பொருத்தமான வழி என்று நான் மனதார நம்புகிறேன். ஆனால் எந்தக் கறண்ட் வந்தாலும், உன் லப்டொப் பற்றரி செத்துப்போய்ச் செருகியில் மட்டும் ஓடுகிறது என்றால், ஒரு நொடி லைட் மினுக்கினாலே அப்டேட் அறுந்துவிடும்.

ட்ரைவர் அப்டேட் என்பது கோப்பை இறக்கி வைப்பதோடு முடிகிற வேலை இல்லை. பொதியை அவிழ்க்க வேண்டும், டிகேஎம்எஸ் என்ற கருவி லினக்ஸின் மையமான கேர்னலுக்கு ஏற்றபடி ட்ரைவரைப் புதிதாகக் கட்ட வேண்டும், பிறகு லப்டொப் எழும்பும்போது முதலில் வாசிக்கிற கோப்பைத் திரும்ப எழுத வேண்டும். பழைய லப்டொப்பில் இது பல நிமிடம் பிடிக்கும். வீதம் காட்டுகிற கோடு அசையாமல் நிற்கிறதே என்று பவர் பட்டனை அமத்திவிடுவதும், நடுவில் கறண்ட் போவதும் மெஷினுக்கு ஒன்றுதான்.

அப்படி அறுந்ததை முடித்து வைக்கிற கட்டளை: சுடோ, இடைவெளி, டிபிகேஜி, இடைவெளி, இரட்டைக் கோடு, கொன்ஃபிகர், இடைவெளி, கோடு, ஏ. சுடோவுக்கு எழுத்து எஸ், யு, டி, ஓ. இதற்கு டேட்டா தேவையில்லை. ஏற்கெனவே இறக்கிய பொதிகளில் பாதியில் நின்றதை எடுத்து மிச்ச வேலையை அதுவே முடிக்கும். முடிந்ததும் சுடோ, இடைவெளி, ஏபிடி, இடைவெளி, இரட்டைக் கோடு, ஃபிக்ஸ், கோடு, புரோக்கன், இடைவெளி, இன்ஸ்டோல் என்று அடி. கறண்டால் வந்த கோளாறு என்றால், ரீஸ்டார்ட் பண்ணியதும் பெரும்பாலும் படம் வந்துவிடும். பிள்ளைகள் அனுப்புகிற "செத்துப்போன" லப்டொப்புகளில் பலவற்றை இந்த இரண்டு வரிதான் எழுப்பியிருக்கிறது.

"லொக்கை (பூட்டை) இன்னொருவர் வைத்திருக்கிறார்" என்கிற மாதிரி ஒரு வரி வந்தால், பின்னால் தானாக ஓடுகிற அப்டேட் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். பொறுத்திரு. அந்த லொக் கோப்பை அழிக்கச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதே.

பழைய கேர்னலுக்குத் திரும்பு

கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 3க்கும் ஒன்றும் வரவில்லையா? லப்டொப்பை நிறுத்தி மறுபடி போடு. கம்பனி லோகோ மறையும் நேரத்தில் எஸ்கேப் விசையை ஒருக்காத் தட்டு. பழைய மெஷின் என்றால் ஷிஃப்டை அமத்திப் பிடி. கிரப் என்ற பட்டியல் வரும். அதில் இரண்டாவதாக "அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்" என்று இருக்கும். அதற்குள் போனால் உன் மெஷினில் இருக்கிற கேர்னல்கள் இலக்கத்தோடு நிற்கும். மேலே நிற்பது புதியது. அதற்கு அடுத்த இலக்கத்தை, ரிக்கவரி மோட் என்று போடாததைத் தெரிந்தெடுத்து என்டர் தட்டு.

புதிய கேர்னலோடு ட்ரைவர் ஒத்துப்போகாததுதான் காரணம் என்றால், நேற்று வரை பார்த்த அதே திரை முன்னால் வந்து நிற்கும். நாளைக்கு அசைன்மென்ட் கொடுக்க வேண்டியவன் இதோடு நிறுத்திவிட்டு வேலையைப் பார்க்கலாம். பழைய கேர்னலில் சில நாள் இருப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது. அதை மட்டும் அழிக்காதே.

பழைய கேர்னலும் கைகொடுக்கவில்லை என்றால் அதே கிரப் பட்டியலில் முதல் வரியில் வைத்து ஈ எழுத்தைத் தட்டு. லினக்ஸ் என்று தொடங்கும் நீண்ட வரியின் கடைசியில் குவயட் ஸ்பிளாஷ் என்று இருக்கும். அதற்குப் பிறகு ஒரு இடைவெளி விட்டு நோமோட்செட் என்று சேர்த்து எஃப் 10 தட்டு. எழுத்து என், ஓ, எம், ஓ, டி, இ, எஸ், இ, டி. படம் பெரிதாக, மங்கலாக வரும். வந்தால் போதும், உள்ளே போய் வேலை செய்யலாம். இது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். அடுத்த ரீஸ்டார்ட்டில் தானாகப் போய்விடும்.

எந்தக் கிராஃபிக்ஸ் அட்டை என்று பார்

இன்டெல், ஏஎம்டி கிராஃபிக்ஸுக்கு ட்ரைவர் என்று தனியாக ஒன்றை இறக்க வேண்டியதே இல்லை. அவை கேர்னலுக்குள்ளும் மீசா என்ற பொதியிலும் கூடவே வருகின்றன. கேர்னல் மாறும்போது சேர்ந்து மாறும். என்விடியா அப்படி இல்லை. அதன் ட்ரைவர் வெளியே இருந்து வந்து ஒவ்வொரு கேர்னலிலும் போய் ஒட்ட வேண்டும். 2012இல் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மேடையில் வைத்தே அந்தக் கம்பனியைத் திட்டியதற்கு இந்த ஒத்துழையாமைதான் காரணம். 2022 மே மாதம் அவர்கள் கேர்னல் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். ஆனால் அது ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் வரிசைகளுக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும்தான். நம் கையில் இருக்கிற செகண்ட் ஹாண்ட் லப்டொப்புகளுக்கு அதனால் பயன் இல்லை.

எல்எஸ்பிசிஐ என்று அடித்தால் உள்ளே இருக்கிற அட்டைகளின் பட்டியல் வரும். விஜிஏ, த்ரீ டி என்ற வரிகளை வடிவாகப் பார். பழைய ஃபெர்மி வகைக்கு 390 வரிசை ட்ரைவர், கெப்லர் வகைக்கு 470. 940 எம்எக்ஸ், எம்எக்ஸ் 150, ஜிடிஎக்ஸ் 1050 போன்றவற்றுக்கு 580 வரிசைதான் கடைசி. அதற்கு மேல் இலக்கம் உள்ளதைப் போட்டால் அட்டையையே அது அடையாளம் காணாது. புதிய இலக்கம் என்றால் நல்லது என்று நினைத்து ஏற்றுகிறவர்களுக்கு இங்கேதான் திரை கறுக்கிறது. உபுண்டு, கோடு, ட்ரைவர்ஸ், இடைவெளி, டிவைசஸ் என்று அடித்தால் உன் அட்டைக்கு எது பொருத்தம் என்று "ரெக்கமென்டட்" என்ற சொல்லோடு மெஷினே சொல்லும். அதை மீறாதே.

இன்டெல், என்விடியா இரண்டு அட்டையும் உள்ள லப்டொப் என்றால் நான் சொல்கிற முதல் வைத்தியம் என்விடியாவை ஓய்வெடுக்க விடுவதுதான்: சுடோ, இடைவெளி, பிரைம், கோடு, செலக்ட், இடைவெளி, இன்டெல். ரீஸ்டார்ட் பண்ணு. நோட்ஸ் எழுதவும், ஜூம் வகுப்புக்கும், நூலகம் தளத்தில் பழைய புத்தகம் வாசிக்கவும் இன்டெல் தாராளமாகப் போதும். பற்றரியும் கூட நேரம் நிற்கும். கறண்ட் நிச்சயமில்லாத ஊரில் அந்தக் கூடுதல் நேரம், விளையாட்டு வேகமாக ஓடுவதைவிட எனக்குப் பெரிது. த்ரீ டி வரைகிறவர்களும் மெஷின் லேர்னிங் படிக்கிறவர்களும் மட்டும் என்விடியாவோடு மல்லுக்கட்டினால் போதும். ஒன்றை மட்டும் கவனி. சில லப்டொப்பில் எச்டிஎம்ஐ துளை என்விடியாவோடு கோர்க்கப்பட்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் புரொஜெக்டர் போடுகிற டீச்சர்மார் இன்டெலுக்கு மாற்றிய பிறகு வகுப்புக்குப் போகமுன் அதை வீட்டில் ஒருக்காச் செருகிப் பார்க்க வேண்டும்.

நீலத் திரையில் ஏமாறாதே

ட்ரைவர் ஏற்றும்போது சில வேளை ஒரு பாஸ்வேர்ட் புதிதாக வைக்கச் சொல்லும். என்னமோ கேட்கிறது என்று எதையோ அடித்துவிட்டு மறந்துவிடுவோம். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீல நிறத்தில் ஒரு திரை வரும். பத்து வினாடிக்குள் ஒரு விசையைத் தட்டாவிட்டால் அது போய்விடும். அப்படிப் போனால் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அந்த ட்ரைவரை உள்ளே விடாது. எல்லாம் சரியாக ஏறியிருக்கும், ஆனாலும் வேலை செய்யாது.

அதற்கு சுடோ, இடைவெளி, அப்டேட், கோடு, செக்யூர்பூட், கோடு, பொலிசி, இடைவெளி, இரட்டைக் கோடு, என்ரோல், கோடு, கீ என்று அடித்துப் புதிய பாஸ்வேர்டைக் கடதாசியில் எழுதிக்கொள். ரீஸ்டார்ட் பண்ணி, நீலத் திரை வந்ததும் கையோடு ஒரு விசையைத் தட்டு. "என்ரோல் எம்ஓகே", "கன்டினியூ", "யெஸ்", பாஸ்வேர்ட், "ரீபூட்". இந்தத் திரை அமெரிக்கக் கீபோட் அமைப்பில்தான் இயங்கும். அதனால் பாஸ்வேர்டில் விசேட குறிகள் வேண்டாம், எழுத்தும் இலக்கமும் போதும்.

முழுக்கக் கழற்றி மாட்டுவது

மேலே சொன்ன ஒன்றுக்கும் மசியவில்லை என்றால் ட்ரைவரைக் கழற்றிவிடலாம். சுடோ, இடைவெளி, ஏபிடி, இடைவெளி, பர்ஜ், இடைவெளி, ஒற்றை மேற்கோள், என்விடியா, நட்சத்திரக் குறி, ஒற்றை மேற்கோள். வை என்ற எழுத்தைத் தட்டமுன் நீக்கப்போகிற பொதிகளின் பட்டியலை ஆறுதலாக வாசி. உபுண்டு டெஸ்க்டொப், க்னோம் ஷெல் என்ற பெயர்கள் அதில் தெரிந்தால் என் என்ற எழுத்தைத் தட்டி நிறுத்து. இல்லையென்றால் தொடர்ந்து முடித்து ரீஸ்டார்ட் பண்ணு. நூவோ என்ற திறந்த மூல ட்ரைவர் வந்து இடத்தைப் பிடிக்கும். வேகம் குறைவு, ஆனால் படம் வரும்.

திரும்ப ஏற்ற டேட்டா வேண்டும். போனை யுஎஸ்பி வயரில் கொழுவி டெதரிங் போட்டால் எழுத்துத் திரையிலும் இணைப்பு வந்துவிடும், வைஃபையோடு போராடத் தேவையில்லை. பிறகு சுடோ, இடைவெளி, உபுண்டு, கோடு, ட்ரைவர்ஸ், இடைவெளி, இன்ஸ்டோல். கம்பனித் தளத்தில் போய் ரன் கோப்பை இறக்கி ஏற்றாதே. அடுத்த கேர்னல் வரும் நாளில் அது மறுபடி உடையும்.

உபுண்டு 22.04 வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. 2024 தொடக்கத்தில் அதற்கு 6.5 கேர்னல் வந்தபோது பலருடைய ட்ரைவர் கட்டப்படாமல் நின்றது. புதிய கேர்னல் ஜிசிசி 12ஆல் கட்டப்பட்டிருந்தது, மெஷின்களில் இருந்ததோ ஜிசிசி 11. பிழைச் செய்தியில் ஜிசிசி என்ற சொல் தெரிந்தால் சுடோ, இடைவெளி, ஏபிடி, இடைவெளி, இன்ஸ்டோல், இடைவெளி, ஜிசிசி, கோடு, 12 என்று ஏற்றிவிட்டு, முன்னே சொன்ன டிபிகேஜி வரியை மறுபடி ஓட்டு. "வெர்ஷன் மிஸ்மாட்ச்" என்று மட்டும் வந்தால் ரீஸ்டார்ட் ஒன்றே போதும்.

அடுத்த அப்டேட்டை எப்படிச் செய்வது

கேர்னலும் ட்ரைவரும் சேர்ந்து வந்தால் சில நூறு எம்பி ஆகும். வை தட்டமுன் எவ்வளவு இறக்க வேண்டும் என்று அதுவே சொல்லும். ரீலோட் பண்ணின டேட்டா நடுவில் முடிந்துவிடக்கூடாது. டவுனுக்கோ, கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடத்துக்கோ போகிற நாளில் நல்ல வைஃபையில் இறக்க மட்டும் செய்துகொள்: சுடோ, இடைவெளி, ஏபிடி, இடைவெளி, அப்டேட் ஒரு தடவை, பிறகு சுடோ, இடைவெளி, ஏபிடி, இடைவெளி, அப்கிரேட், இடைவெளி, இரட்டைக் கோடு, டவுன்லோட், கோடு, ஒன்லி. பொதிகள் மெஷினுக்குள் வந்து படுத்துக்கொள்ளும், ஒன்றும் மாறாது. வீட்டுக்கு வந்து, பற்றரி நிறைந்திருக்கிற காலை நேரம் பார்த்து, வெறும் சுடோ, இடைவெளி, ஏபிடி, இடைவெளி, அப்கிரேட் என்று ஏற்று. இடையில் அப்டேட் கட்டளையைத் திரும்ப ஓட்டாதே. ஓட்டினால் இன்னும் புதியது வந்திருக்கிறது என்று மறுபடி இறக்கச் சொல்லும்.

பரீட்சைக் காலத்தில் ட்ரைவரைத் தொடவே வேண்டாம். சுடோ, இடைவெளி, ஏபிடி, கோடு, மார்க், இடைவெளி, ஹோல்ட், இடைவெளி, அதன் பிறகு ட்ரைவர் பொதியின் முழுப் பெயர். ஹிஸ்டரி பதிவில் அந்தப் பெயர் இருக்கும். பரீட்சை முடிந்த கையோடு ஹோல்ட் என்ற இடத்தில் அன்ஹோல்ட் போட்டு எடுத்துவிடு, பாதுகாப்புத் திருத்தங்களும் அதனோடுதான் வருகின்றன. மின்ட் வைத்திருப்பவர்கள் டைம்ஷிஃப்ட்டில் ஒரு ஸ்நாப்ஷொட் எடுத்துவிட்டு அப்டேட்டைத் தொடங்குங்கள்.

நல்லாய் இருக்கிற நாளிலேயே எட்டு ஜிபி பென் ட்ரைவ் ஒன்றில் லைவ் லினக்ஸ் போட்டு வீட்டில் வை. நெடுந்தீவில் என்றால் இரண்டு மூன்று வீட்டுக்கு ஒன்று இருந்தாலும் போதும், மாறி மாறிப் பாவிக்கலாம். எதுவும் சரிவராத நாளில் அதிலிருந்து மெஷினை எழுப்பி, முதலில் உன் கோப்புகளை இன்னொரு பென் ட்ரைவுக்கு எடு. திருத்தும் வேலை பிறகு. லைவில் திரை தெளிவாக வந்தால் அட்டையில் பழுது இல்லை, மேலே சொன்னவற்றை ஆறுதலாகத் திரும்பச் செய்யலாம். லைவிலும் கோடு கோடாகவோ கறுப்பாகவோ வந்தால்தான் அது பாகத்தின் பழுது. அப்போது படகு ஏறு. டிஸ்க்கைத் தொடாமல் திரையையும் அட்டையையும் மட்டும் பார்க்கச் சொல்லி ஒரு துண்டில் எழுதி லப்டொப் மூடியில் ஒட்டிவிட்டுக் கடையில் கொடு.